பட்டை உரசிய இடம்

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று பதினோரு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் குதிரையோடு படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள். ஒருவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே ஏறி, கழற்றாமலே இறங்கினார். குதிரையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

முதலாளி நந்தகோபாலுக்கு இதெல்லாம் கவலையில்லை. கம்ப்யூட்டர் கம்பெனியில் இருபது வருடம் உட்கார்ந்து முதுகு போனதும், கோவளத்துக்குத் தெற்கே நிலம் வாங்கி, ஆறு குதிரைகளைக் கட்டி, 'குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளி' என்று பலகை மாட்டிவிட்டார். ஏறத் தெரியாது. பூட்ஸ் மட்டும் நன்றாகப் போடத் தெரியும். இட்லி வாங்கப் போனாலும் அந்த பூட்ஸ்தான்.

நான் இங்கே பயிற்சியாளன். இருபத்திரண்டு வருடம் ஜாக்கியாக இருந்தவன். ஊட்டியில் ஒரு மழை நாளில் விழுந்து இடுப்பில் தகடு வைத்த பிறகு ஏறக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். முதலாளியும் அதையே வேலைக் கடிதத்தில் சேர்த்துவிட்டார். தரையில் நின்று கத்தினால் போதுமாம். அப்படித்தான் ஐந்து வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கற்றுக்கொள்ள வந்த இரண்டே பேரில் ஒருத்தி தாமரைச்செல்வி. மின்வாரியத்தில் பொறியாளர், நாற்பத்தொரு வயது, நல்ல கனம். இந்த வயதில், இந்த உடம்போடு எதற்குக் குதிரை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவளுக்குக் கஸ்தூரியைத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. இருப்பதில் உயரமும் பலமும் அதற்குத்தான். கஸ்தூரி பந்தயத்தில் ஓடிய செம்பழுப்புப் பெண் குதிரை. காகிதம் போன்ற தோல். அதை இங்கே கொண்டுவரச் சொன்னது நான்தான்.

லாயம் பார்க்கும் காதர் பாஷா தங்கை மகள் கல்யாணம் என்று நேற்றே வாணியம்பாடிக்குப் போய்விட்டான். வெயில் நூறைத் தாண்டிய வாரத்தில் நான்கு நாள் விடுப்பு. நாற்பத்தெட்டு வயதாகியும் பொறுப்பு வரவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

எங்கள் பள்ளிக்கு வார விடுமுறை. விடியும் முன் கஸ்தூரியைக் கடல் வரை கூட்டிப்போய் வந்தேன். ஈர மணலில் நன்றாக நீட்டி ஓடியது. திரும்பி வந்து இடுப்பு வலி.

ஏப்ரல் 29, செவ்வாய்

கடல் வரை. காற்று இல்லை. வந்ததும் சேணப் பட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன். கழுவி, துடைத்து, தேய்ப்பதெல்லாம் காதர் வேலை. அவன் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

ஏப்ரல் 30, புதன்

கஸ்தூரியின் இடது முன்னங்காலுக்குப் பின்னால், முழங்கை மடிப்பு வயிற்றோடு சேருமிடத்தில், உள்ளங்கையளவு முடி உதிர்ந்திருக்கிறது. தோல் சிவந்து, தொட்டால் காதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. சேணத்தை வயிற்றோடு இழுத்துக் கட்டும் பட்டை உரசும் இடம் அதுதான்.

காரணம் தேடி ரொம்பத் தூரம் போக வேண்டாம். போன மாதம் முதலாளி இணையத்தில் பார்த்து வாங்கிப்போட்ட நைலான் பட்டை. விலை மலிவு, நிறம் ரத்தச் சிவப்பு. வேர்வையை உறிஞ்சாது, காற்று புகாது. அதன் மேல் வாரம் இரண்டு நாள் தாமரைச்செல்வியின் கனம். வேறென்ன வேண்டும்?

ஸ்பிரிட் தடவினேன். பந்தய லாயத்தில் தோலை உரமாக்க நாங்கள் செய்வது அதுதான். துள்ளியது. எரியத்தான் செய்யும்.

மே 1, வியாழன்

காதர் வந்துவிட்டான். ஒரு பெட்டி மக்கன் பேடா கொண்டுவந்தான். நேராகக் கஸ்தூரியிடம் போய்க் குனிந்து பார்த்தான். பிறகு ஆணியில் தொங்கிய பட்டைகளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அண்ணே, இதுக்கு ஒரு பத்து நாள் சேணமே போட வேணாம்" என்றான்.

கல்யாணத்துக்குப் போய் வந்தவன் எனக்கு லாயம் நடத்தச் சொல்லிக்கொடுக்கிறான். உன் வேலையைப் பார் என்றேன். சரி என்று பட்டைகளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான். அவன் எதிர்த்துப் பேசுவதில்லை. அதுவே ஒரு எரிச்சல்.

மே 2, வெள்ளி

முதலாளி மருத்துவராகிவிட்டார். காலையில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, கிண்ணத்தில் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்தார். இயற்கை வைத்தியம், பக்கவிளைவே கிடையாது என்றார். எண்ணெய் தடவிய இடத்தில் அரை மணி நேரத்தில் தூசி, வைக்கோல் துணுக்கு, ஈ எல்லாம் ஒட்டிக்கொண்டன. கஸ்தூரி வாலை விசிறி விசிறி ஓய்ந்துவிட்டது. காதர் வெந்நீரை ஆறவைத்துத் துடைத்தெடுத்தான்.

துடைத்தது காய்ந்ததும் நான் மறுபடி ஸ்பிரிட் தடவினேன்.

மே 3, சனி

கடல் வரை போய் வந்தோம். உறுத்தக் கூடாதென்று பட்டையை இரண்டு துளை தளர்த்தித்தான் போட்டேன்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கியது. எட்டு மணிக்கே தகரக் கூரை படபடவென்று வெடித்தது.

முதலாளி ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் கஸ்தூரியைப் போட்டுவிட்டார். நானும் தடுக்கவில்லை. காதர் மட்டும் சேணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றான். போடு என்றேன். பட்டையை இறுக்கியதும் கஸ்தூரி திரும்பி அவன் சட்டையைக் கடித்தது. அது கடிக்கிற குதிரையே இல்லை.

தாமரைச்செல்வி ஏறி இரண்டு சுற்று நடந்தாள். மூன்றாவது சுற்றில் ஓட்டத்துக்கு மாற்றச் சொன்னேன். அவள் காலால் லேசாகத் தொட்டதுமே கஸ்தூரி முதுகை வில் மாதிரி வளைத்துத் தூக்கியது. அவள் மணலில் கையை ஊன்றி விழுந்தாள். விழுந்தவள் முதலில் கேட்டது, "குதிரைக்கு என்னாச்சு?" என்று.

பட்டையைக் கழற்றினால் உள்பக்கம் ரத்தம்.

அவளுக்கு மணிக்கட்டு சுளுக்கு. முதலாளி முகம் வெளுத்து, எங்கே வழக்குப் போடுவாளோ என்று அவள் பின்னாலேயே தண்ணீர் பாட்டிலோடு ஓடினார். என்ன ஆயிற்று என்று என்னிடம் வந்து கேட்டார். கனம் என்றேன். ஒரே சொல்லில் முடிந்துவிட்டது.

மே 6, செவ்வாய்

இந்தப் பெண்ணுக்குச் சொன்னால் புரியாது போலிருக்கிறது. மணிக்கட்டில் கட்டோடு மறுபடி வந்து நிற்கிறாள். பாடத்துக்கு வரவில்லை, கஸ்தூரியைப் பார்க்க வந்தேன் என்றாள். ஒரு பை கேரட் வேறு.

நான் நினைத்ததைச் சொன்னேன். குதிரை தாங்குவதற்கும் ஒரு கணக்கு உண்டு, இவ்வளவு உடம்பை வைத்துக்கொண்டு ஏறினால் தோல் கிழியத்தான் செய்யும் என்றேன். முதலாளி கையைப் பிசைந்தார். தீவன மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு பக்கத்திலேயே இருந்தது. சந்தேகமிருந்தால் ஏறிப் பாருங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.

அழுவாள், போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். முள் எழுபத்தாறில் நின்றது. சத்தமாகவே படித்தாள். பிறகு, கஸ்தூரி எவ்வளவு இருக்கும் என்று காதரைக் கேட்டாள். நானூற்று நாற்பது, நானூற்று ஐம்பது இருக்கும் என்றான். ஐந்தில் ஒரு பங்கு வரைக்கும் தாங்கும் என்று படித்திருக்கிறேன், சேணத்தையும் சேர்த்தாலும் நான் அதற்குள்தான் வருகிறேன் என்றாள். படித்துவிட்டு வந்திருக்கிறாள்.

இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, "இப்ப நீங்க ஏறுங்க மாஸ்டர்" என்றாள்.

நான் குதிரை ஏறுவதில்லை, என் எடை இங்கே எதற்கு என்றேன். வேலை கிடக்கிறது என்று நகர்ந்துவிட்டேன். காதர் வைக்கோல் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

மே 7, புதன்

முள் எழுபத்தொன்பதில் நின்றது.

மே 8, வியாழன்

கஸ்தூரியின் புண் வீங்கிவிட்டது. முன்னங்காலை நீட்டி வைக்கவே யோசிக்கிறது. தீனியைத் தொடவில்லை. மஞ்சள் நிறத்தில் நீர் கசிகிறது, ஈயை விரட்டி மாளவில்லை. முதலாளி வீடியோக்களை மூடிவிட்டு ஒருவழியாகக் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டார்.

டாக்டர் இளமாறன் முப்பது வயதுகூட இருக்காது. குதிரையைப் புத்தகத்தில் பார்த்த ஆளாக இருக்கும் என்று நினைத்தேன். காய்ச்சல் பார்த்தார், நூற்று மூன்று. முதலில் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார். வலது பக்கம் ஒரு முடிகூட உதிரவில்லை. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெயிலும் பட்டையும் மட்டும்னா ரெண்டு பக்கமும் உரசும். இது இடது பக்கம் மட்டும் இருக்கு. ஒரு பக்கமா சாஞ்சு உக்கார்ற ஆள் யாராவது இதுல தொடர்ந்து ஏறுறாங்களா?"

முதலாளி, தாமரைச்செல்வி மேடம்தான் ஏறுகிறார் என்று சொல்லி, தன் போனிலிருந்த வீடியோவைக் காட்டினார். டாக்டர் பார்த்தார். இவர் நேராகத்தானே உட்கார்ந்திருக்கிறார் என்றார். நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள். சொல்லிக் கொடுத்தவனுக்கே தெரியும்.

என் இடது கால் வலதை விட முக்கால் அங்குலம் குட்டை. தகடு வைத்தபோது ஆனது.

ஸ்பிரிட் தடவியது யார் என்றும் கேட்டார். திறந்த புண்ணில் ஸ்பிரிட் விட்டால் ஆறுகிற தோலையும் சேர்த்துக் கொல்லும் என்றார். முதலாளி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அப்போது நான் சொன்னேன். தினமும் பட்டை கட்டுவது காதர், ஒரு பக்கமாக இழுத்து இறுக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு, பல தடவை சொல்லியிருக்கிறேன் என்று.

 

முதலாளி காதரைக் கேட்டார். ஸ்பிரிட்டும் நீதானா என்றார். காதர் என்னை ஒருமுறை பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆளை நிறுத்தவும் ஒரு தெளிவு வேண்டும். அதுகூட அவருக்கு இல்லை. ஒருவன் சொன்னதை வைத்து இன்னொருவனை அனுப்புகிறார்.

நான் என்ன செய்ய முடியும்? இந்த லாயத்துக்குப் பின்னால் இருக்கும் அறைதான் எனக்கு வீடு. இதை விட்டால்…

மே 9, வெள்ளி

காதர் காலையிலேயே போய்விட்டான். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய். போகும்போது ஆறு குதிரைக்கும் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் போயிருக்கிறான்.

டாக்டர் எழுதிக் கொடுத்தது என் கைக்கு வந்துவிட்டது. ஐந்து நாள் ஊசி அவரே வந்து போடுவார். மற்றது நான். கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் இரண்டு வேளை கழுவ வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். டீத்தண்ணீர் நிறத்துக்குக் கரைத்த அயோடின். முழுக்கக் காய்ந்த பிறகு வெள்ளைக் களிம்பு. கட்டுப் போடக்கூடாது. வேர்வை எங்கும் தங்கக்கூடாது. மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு வாரம் முதுகில் ஒன்றும் ஏறக்கூடாது.

எல்லாப் பட்டையையும் கழுவச் சொல்லியிருந்தார். என் பழைய பட்டை என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. பந்தய நாளிலிருந்து வைத்திருப்பது, உள்பக்கம் கம்பளித் துணி தைத்தது. விடியற்காலைக்கு அதைத்தான் எடுத்துப்போவேன். போன சனிக்கிழமை வந்ததும் ஆணியில் மாட்டாமல் அங்கே தள்ளிவிட்டிருந்தேன், அதனால் காதர் கண்ணில் படவில்லை. குழாயடியில் கல்லின் மேல் ஒரு தட்டுத் தட்டினேன்.

மணல் கொட்டியது. இன்னொரு தட்டு, இன்னும் மணல். கம்பளிக்குள் புகுந்து, வேர்வையில் இறுகி, உப்புத்தாள் மாதிரி ஆகியிருந்தது. என் முன்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பார்த்தேன். நான்கு இழுப்பில் தோல் சிவந்துவிட்டது. கஸ்தூரி அதை வைத்துக்கொண்டு ஏழு கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எழுபத்தொன்பது கிலோவை இடது பக்கமாகச் சுமந்துகொண்டு.

நைலான் பட்டையைத் தண்ணீரில் போட்டேன். ரத்தத்தைக் காதர் அன்றைக்கே அலசியிருந்தான், சுத்தமாக இருந்தது.

மே 11, ஞாயிறு

கழுவினேன். காய வைத்தேன். களிம்பு போட்டேன். ஈ விரட்டினேன். மறுபடி கழுவினேன்.

என்னைத் தொடவிடுகிறது. எந்த மடையனையும் தொடவிடும் குதிரை அது.

மே 14, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. கசிவு நின்று, ஓரங்களில் இளஞ்சிவப்பாகத் தோல் ஏறுகிறது. டாக்டர் பார்த்து, நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள் சார் என்றார். இந்தப் பாராட்டை வாங்கி எங்கே வைப்பது?

முதலாளி புதிதாக ஒரு ஆளை லாயத்துக்கு வைத்திருக்கிறார். குதிரைக்குப் பின்னால் நின்று போன் பேசுகிறான். ஒருநாள் உதை வாங்குவான். மற்ற ஐந்து குதிரைகளையும் வேர்வையோடு கட்டிப்போட்டு, இரண்டுக்குக் கழுத்தில் வேர்க்குரு மாதிரி தடித்துவிட்டது. காதர் இருந்தவரை இந்தக் கோடையில் ஒரு குதிரைக்கும் இது வரவில்லை. வேலை முடிந்த ஒவ்வொரு குதிரையையும் அவன் தண்ணீர் விட்டு, மரத்தகட்டால் வேர்வையை வழித்து, நிழலில் நடத்திவிட்டுத்தான் கட்டுவான். நான் அதை நேரத்தைப் போக்குகிறான் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். எந்தப் பக்கம் என்று தேடவில்லை.

மே 16, வெள்ளி

தாமரைச்செல்வி அலுவலகம் முடிந்து நேராக வந்தாள். மணிக்கட்டுக் கட்டை அவிழ்த்துவிட்டிருந்தாள். நான் கழுவும்போது கஸ்தூரியின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்குக் குதிரை அசையவில்லை. ஐந்து வருடத்தில் நான் பார்த்ததில் அவளுக்குத்தான் குதிரையைப் பிடிக்கும் கை இருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

காதர் எங்கே என்று கேட்டாள். நிறுத்திவிட்டார்கள் என்றேன். ஏன் என்றாள். பட்டையைச் சரியாகக் கட்டவில்லை என்று முதலாளி நினைக்கிறார் என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் கஸ்தூரியின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"எங்க ஆபீஸ்லயும் இப்படித்தான் மாஸ்டர். டிரான்ஸ்பார்மர் எரிஞ்சா, கம்பத்துல ஏறின லைன்மேன் மேல எழுதிருவாங்க. கையெழுத்துப் போடுற இடத்துல நான் உக்காந்திருக்கேன். ரெண்டு தடவை போட்டிருக்கேன். ரெண்டு பேர் பேரும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

விழுந்த அன்றைக்கு அவளைப் பற்றி நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் களிம்பு டப்பா மூடி உருண்டு போய்விட்டது, குனிந்து தேடினேன். நிமிரும்போது அவள் கிளம்பிவிட்டிருந்தாள்.

மே 19, திங்கள்

காதர் பல்லாவரம் பக்கம் கல்யாண ஊர்வலக் குதிரைகள் வைத்திருக்கும் ஒருவரிடம் சேர்ந்திருக்கிறான் என்று தீவனக் கடையில் சொன்னார்கள். இரண்டு பஸ் மாறிப் போனேன். இடுப்பு உயிரை வாங்கியது. ஒரு மேம்பாலத்துக்குக் கீழே தகரக் கொட்டகை, நான்கு வெள்ளைக் குதிரைகள், சுவரெல்லாம் ஜிகினாச் சேணம். காதர் ஒரு குதிரையின் வயிற்றுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து உப்புத்தண்ணீர் ஒற்றிக்கொண்டிருந்தான். அங்கேயும் பட்டைப் புண்தான்.

என்னைப் பார்த்து எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான். கஸ்தூரி எப்படி இருக்கிறது என்று கேட்டான். ஆறிக்கொண்டு வருகிறது என்றேன். தோல் ஏறுகிற இடத்தில் அரிக்கும், அது பல்லால் உரசிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

பஸ்ஸில் வரும்போது தயாரித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. என் பட்டையில் மணல் இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றான்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"நீங்க காலைல போக ஆரம்பிச்சதிலேருந்து. ரெண்டு வருஷம் இருக்கும். வந்து மாட்டிட்டுப் படுத்திருவீங்க. எடுத்துப் பாத்தா ஒரு கை மண்ணு இருக்கும். தட்டி அலசிக் காயப்போட்டு, ஆறு மணிக்குள்ள திரும்ப மாட்டிருவேன். குதிரைக்கும் வயித்துல தண்ணி ஊத்தித் தொடச்சு விட்டுருவேன். அந்த நாலு நாள்தான் நான் இல்ல."

டீ வந்தது. ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்றேன்.

"சொன்னா உங்கள அனுப்பிருவாங்க. நீங்க எங்க போவீங்க?"

சரி, முதலாளி நேருக்கு நேர் கேட்டபோதாவது சொல்லியிருக்கலாமே, உன் வேலை போகிற நேரத்தில்கூடவா என்றேன். அவன் கிளாஸைக் கீழே வைத்தான்.

"நீங்க சொல்லுவீங்கன்னு நெனச்சேன்ணே."

கோபமாகச் சொன்னால் தாங்கியிருக்கலாம். அவன் அதை ஒரு தகவல் மாதிரி சொன்னான்.

மே 20, செவ்வாய்

முதலாளியிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வருடமாக விடியற்காலையில் ஏறுவது, மணல், தளர்த்திக் கட்டியது, ஸ்பிரிட், காதர் மேல் போட்டது, தாமரைச்செல்வியைத் தராசில் ஏற்றியது, எல்லாம். மேசையின் மேல் அறைச் சாவியை வைத்தேன்.

என்னைத் திட்டுவார், அல்லது வழக்கம்போல மழுப்புவார் என்று எதிர்பார்த்தேன். பூட்ஸ் போட்ட அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க ஏறினதக்கூட விடுங்க சார். என் வாயால ஒரு நல்ல ஆள வெளிய போகச் சொல்ல வெச்சிட்டீங்களே" என்றார்.

உடனே கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போனில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரே பல்லாவரம் போனார். என்னையும் ஏறச் சொன்னார்.

காதர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. இங்கே இந்தப் புண் ஆறுகிற வரைக்கும் இருக்க வேண்டும், பத்து நாள் ஆகும் என்றான். அதற்குப் பிறகு வந்தால், எந்தக் குதிரையை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதைத் தான்தான் சொல்ல வேண்டும், அதற்கு மேல் யாரும் பேசக்கூடாது என்றான். முதலாளி சரி என்றார். பிறகு என்னைக் காட்டி, இவரை என்ன செய்யலாம் என்று கேட்டார். காதர் யோசித்தான். "இருக்கட்டும். கழுவ ஆள் வேணும்" என்றான்.

என்னை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு என்னைப் பற்றியே பேசினார்கள், வயதான குதிரையை வைத்துக்கொள்வதா விற்பதா என்று பேசுகிற மாதிரி. வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

மே 31, சனி

காதர் வந்தான். அதே டிரங்குப் பெட்டி. போன் பேசுகிற ஆளை முதல் நாளே குதிரைக்குப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்தினான். நான் சொல்லிச் சொல்லி நடக்காத காரியம்.

ஜூன் 5, வியாழன்

பட்டைகளை இரண்டு தடவை அலசச் சொல்கிறான். ஒரு தடவை போதும், சோப்பு போய்விட்டது என்றேன். மூன்றாவது வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அதில் ஒரு பட்டையை முக்கினான். நுரை வந்தது. சோப்பு தங்கினாலும் வேர்வையில் கரைந்து அரிக்கும் என்றான். மூன்று தடவை அலசினேன். இந்த வயதில் எனக்கு அலசச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. வெட்கக்கேடு.

தாமரைச்செல்வியிடம் இன்று சொன்னேன். தராசில் ஏற்றியது தப்பு என்று. அவள், "மறுநாள் நீங்க ஏறினீங்களாமே, காதர் சொன்னாரு. எவ்ளோ?" என்று கேட்டாள். சொன்னேன். சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

ஆறு வாரத்துக்குப் பிறகு கஸ்தூரி மேல் சேணம். டாக்டர் சொன்னது நான்கு வாரம். காதர் ஆறு வாரம் என்றான். யார் எதிர்த்துப் பேசுவது?

பருத்திப் பட்டை, அதற்கு மேல் ஆட்டுத்தோல் உறை. உறையைத் தாமரைச்செல்வியே வாங்கி வந்திருந்தாள். காதர் மெதுவாக, மூன்று தவணையாக இறுக்கினான். பிறகு என்னைப் பார்த்தான். நான் குனிந்து, முன்னங்கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முன்னால் இழுத்துவிட்டேன். பட்டைக்குள் மடிந்திருக்கும் தோல் அப்போது விரிந்து நேராகும். குனிந்தால் இடுப்பு கத்துகிறது, கத்தட்டும். கஸ்தூரி காதைப் பின்னுக்குத் தள்ளவில்லை.

தாமரைச்செல்வி ஏறினாள். இரண்டு சுற்று நடை, பிறகு ஓட்டம். முதுகு வளையவில்லை. வெயில் இன்னும் குறையவில்லை, ஆனால் காற்று கடல் பக்கமிருந்து வந்தது. வேலியோரம் நின்று முதுகை நேராக்குங்கள், குதிகாலை இறக்குங்கள் என்று கத்தினேன். அவள் ஏற்கெனவே நேராகத்தான் இருந்தாள். கத்துவதற்கு வேறொன்றும் இல்லை.

புதிதாகச் சேர வந்த ஒரு கணவன் மனைவி வேலிப் பக்கம் நின்று பார்த்தார்கள். முதலாளி அவர்களிடம் குதிரைகளின் வம்சாவளியைத் தப்புத்தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாடம் முடிந்து சேணத்தைக் கழற்றியதும், அந்த அம்மாள் கஸ்தூரிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். முழங்கைக்குப் பின்னால் புதிதாக முளைத்திருக்கும் முடி, செம்பழுப்புக்கு நடுவில் சுத்தமான வெள்ளை. உள்ளங்கையளவு. அந்த இடத்தில் இனி நிறம் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அழகாக இருக்கிறதே, பிறவி மச்சமா என்று கேட்டாள்.

முதலாளி வாயைத் திறந்து மூடினார். காதர் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். குழாயை அடைத்துவிட்டான்.

"இல்லம்மா. நான் பண்ண புண்ணு" என்றேன்.

அவள் கணவனைப் பார்த்தாள். காதர் மறுபடி குழாயைத் திறந்தான். வாளி நிறைந்ததும் என்னிடம் நீட்டினான். வயிற்றுப் பக்கம் வேர்வை காய்வதற்குள் ஊற்ற வேண்டும் என்றான். எனக்குத் தெரியாதாக்கும்.

ஊற்றினேன்.